எக்செல்லில் காப்பி பேஸ்ட் தகராறு: என் மேசைக்கு வந்த கேள்விகளும் பதில்களும்

நான் கணினி படித்தவள் இல்லை. ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். பக்கத்து அறையில் யாருக்காவது எக்செல் முரண்டு பிடித்தால் என் மேசைக்கு வருவார்கள், அப்படியே பழகிவிட்டது. வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் காப்பி பேஸ்ட்தான். ஒரே பதிலை நாலாவது முறையாகச் சொன்ன அன்றைக்கு, எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் எக்செல்லைப் பற்றித்தான். கூகுள் ஷீட்ஸும் லிப்ரே ஆபிஸ் கால்க்கும் வேறு மாதிரி நடக்கிற இடங்களில் அதையும் சொல்கிறேன்.

அக்கா, காப்பி பண்ணிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போய் பேஸ்ட் குடுத்தா ஒண்ணுமே வரலை. ஏன்?

காப்பி கொடுத்ததும் செல்லைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரி ஒரு புள்ளிக்கோடு ஓடும், பார்த்திருப்பீர்கள். அது ஓடிக்கொண்டிருக்கிறவரை தான் எக்செல் உங்கள் காப்பியை முழுசாகக் கையில் வைத்திருக்கிறது. நடுவில் எஸ்கேப் தட்டினாலோ, பழைய பதிப்புகளில் வேறு செல்லில் இரட்டைக் கிளிக் செய்தாலோ, "தலைப்பை மட்டும் டைப் பண்ணிடுவோம்" என்று ஒரு எழுத்து அடித்தாலோ கோடு நின்றுவிடும், காப்பியும் போய்விடும். ஆகவே ஒட்ட வேண்டிய இடத்தில் தலைப்பு, வரிசை எல்லாம் முதலில் தயார் செய்துவிட்டு, கடைசியாகப் போய் காப்பி எடுத்து வாருங்கள்.

விண்டோஸ் 10, 11-இல் விண்டோஸ் பட்டனோடு வி தட்டினால் முன்பு காப்பி செய்தவற்றின் பட்டியல் வரும் (முதல் முறை மட்டும் ஆன் செய்யச் சொல்லிக் கேட்கும்). ஆபத்துக்கு உதவும். ஆனால் ஃபார்முலாவை அதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

நான் காப்பி பண்ணது 4,500. பேஸ்ட் பண்ணா 0னு வருது. எங்க போச்சு என் காசு?

காசு எங்கேயும் போகவில்லை. ஒரு செல்லில் ஒரு பொருள் இல்லை, மூன்று நாலு அடுக்கு இருக்கிறது: உள்ளே இருக்கும் ஃபார்முலா, அது தரும் மதிப்பு, அந்த மதிப்பு கண்ணுக்குத் தெரிகிற வடிவம், அதற்கு மேல் நிறம், கட்டம், டிராப்டவுன் எல்லாம். நீங்கள் பார்த்தது மதிப்பை. எக்செல் தூக்கிக்கொண்டு போனது ஃபார்முலாவை. கீழே வரப்போகிற பாதித் தகராறு இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகிறது.

டி2 செல்லில் =பி2*சி2 என்று இருக்கிறது என்று வையுங்கள். அதன் அர்த்தம் எக்செல்லுக்கு "எனக்கு இரண்டு செல் இடப்பக்கம் இருப்பதையும் ஒரு செல் இடப்பக்கம் இருப்பதையும் பெருக்கு" என்பதுதான். அதை எஃப்10-இல் ஒட்டினால் =டி10*ஈ10 ஆகிவிடும். அங்கே ஒன்றும் இல்லை, அதனால் 0. எண் மட்டும் போதும் என்றால் கன்ட்ரோல்+ஆல்ட்+வி தட்டுங்கள், பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டி வரும், வி தட்டி என்டர். புது எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி போட்டால் நேராகவே மதிப்பு மட்டும் விழும். கால்க்கில் அதே பட்டன்கள் பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டியைத் திறக்கும்.

ஃபார்முலாவே வேண்டும், ஆனால் அதில் ஒரு செல் மட்டும் நகரக்கூடாது என்றால் (ஜிஎஸ்டி விகிதம் ஹெச்1-இல் இருக்கிறது என்றால்) அதை $ஹெச்$1 என்று எழுதுங்கள். எழுதும்போது எஃப்4 தட்டினால் டாலர் குறி தானாக வரும். விகிதத்தை மதிப்பாக ஒட்டிவிட்டால் நாளைக்கு விகிதம் மாறும்போது அந்த செல் மாறாது, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்முலாவை கீழ வரைக்கும் ஒட்டிட்டேன். 200 வரிசையிலயும் ஒரே விடை வருதே?

ஒரு செல்லுக்குள் போய்ப் பாருங்கள். ஃபார்முலா வரிசைக்கு வரிசை சரியாக மாறியிருந்து விடை மட்டும் மாறவில்லை என்றால், கணக்குப் போடுவது மேனுவலில் நிற்கிறது. எஃப்9 தட்டுங்கள், எல்லாம் சரியாகும். பிறகு ஃபார்முலாஸ் பட்டையில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் போய் ஆட்டோமேட்டிக் வையுங்கள். நீங்கள் மாற்றவே இல்லையே என்பீர்கள். காலையில் முதலில் திறந்த கோப்பு எந்த நிலையில் சேமிக்கப்பட்டதோ, அன்று முழுக்க மற்ற கோப்புகளுக்கும் அதே நிலைதான். யாரோ அனுப்பிய கனமான கோப்பை முதலில் திறந்திருப்பீர்கள்.

பேங்க் சைட்லேர்ந்து எடுத்துப் போட்டேன். எண்ணெல்லாம் கண்ணு முன்னாடி இருக்கு, டோட்டல் மட்டும் 0. கடுப்பா வருது.

எனக்கும் வரும். எண் மாதிரி தெரிகிறதே தவிர அது எண் இல்லை, எழுத்து. அடையாளம் சொல்கிறேன்: நீங்கள் எதுவும் மாற்றாமலே இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும், சில சமயம் மூலையில் பச்சை முக்கோணம் இருக்கும். இதில் குழப்புவது என்னவென்றால், =பி2+பி3 என்று போட்டால் எக்செல் அந்த எழுத்தைத் தானாக எண்ணாக்கிக் கூட்டிவிடும், ஆனால் சம் ஃபங்ஷன் எழுத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். இரண்டு விடையும் வேறு வேறாக வந்து, எக்செல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுவார்கள்.

சாதாரணக் கேஸுக்கு மருந்து: ஒரு காலி செல்லில் 1 என்று அடித்து அதைக் காப்பி செய்யுங்கள், கோளாறான எண்களைத் தேர்ந்தெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் மல்டிப்ளை கொடுங்கள். எல்லாம் வலப்பக்கம் போய் உட்காரும். "ரூ. 500" என்றும் "500/-" என்றும் இருந்தால் உட்காராது, முதலில் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் அந்த "ரூ. "-வையும் "/-"-ஐயும் தூக்கிவிட்டு (மாற்ற வேண்டிய பெட்டியைக் காலியாக விடுங்கள்) அப்புறம் பெருக்குங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இணையப் பக்கங்களில் வரி உடையாமல் இருக்கப் போடுகிற இடைவெளி அது, எழுத்து எண் 160. ஸ்பேஸ் பட்டனில் வருவது 32. டிரிம் ஃபங்ஷன் 32-ஐத்தான் துடைக்கும், 160-ஐத் தொடாது. லென் ஃபங்ஷன் போட்டுப் பாருங்கள்: 4500-க்கு 4 வர வேண்டிய இடத்தில் 5 வந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். செல்லுக்குள் போய் அந்த வெற்று இடத்தை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, ஃபைண்ட் பெட்டியில் ஒட்டி, ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை. அலைபேசி எண்ணை வாட்ஸாப்பிலிருந்து எடுத்து வி லுக்கப் (வேறு பட்டியலில் தேடி எடுத்துத் தரும் ஃபங்ஷன்) போட்டு "கிடைக்கவில்லை" என்று வந்தாலும் இதே லென் சோதனையைச் செய்யுங்கள். எண்ணுக்கு முன்னும் பின்னும் எழுத்தோட்டத் திசை காட்டும் மறைகுறிகள் வந்திருக்கலாம்.

ஆதார் நம்பர் 1.23457ஈ+11னு வருது. அக்கவுண்ட் நம்பர்ல கடைசி எண் 0 ஆயிடுச்சு. ரெண்டும் ஒரே கோளாறா?

இல்லை. முதலாவது வெறும் தோற்றம், இரண்டாவது உண்மையான சேதம். 12 இலக்கத்தை எட்டியதும் எக்செல் ஜெனரல் வடிவத்தில் எண்ணைச் சுருக்கிக் காட்டும். உள்ளே ஆதார் எண் முழுசாக இருக்கிறது. ஃபார்மேட் செல்ஸில் நம்பர் கொடுத்து தசம இடம் 0 வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் எக்செல் எந்த எண்ணிலும் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை ஒட்டினால் பதினாறாவது இலக்கம் 0 ஆகிவிடும், எந்த வடிவம் மாற்றினாலும் திரும்பி வராது. மூலத்துக்குப் போய்த்தான் மறுபடி எடுக்க வேண்டும்.

நான் இதை அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியலை மெயிலிலிருந்து ஒட்டி அனுப்பினேன், ஏழு பேருக்குப் பணம் போகாமல் திரும்பியது. ஏழு பேருடைய கணக்கு எண்ணும் 0-வில் முடிந்திருந்தது, நான் அதைத் தற்செயல் என்று நினைத்திருக்கிறேன்! அன்றிலிருந்து என் வழக்கம்: அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து முதலில் டெக்ஸ்ட் வடிவம் வைப்பேன், பிறகுதான் ஒட்டுவேன், அதுவும் சாதாரண பேஸ்ட் இல்லை, "மேட்ச் டெஸ்டினேஷன் ஃபார்மேட்டிங்". சாதாரணமாக ஒட்டினால் அங்கிருந்து வருகிற வடிவம் நீங்கள் வைத்த டெக்ஸ்டை அழித்துவிடும். 0452 என்கிற எஸ்டிடி கோடு 452 ஆவதற்கும் இதே மருந்துதான். புதிய மைக்ரோசாஃப்ட் 365 பதிப்பில் ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் இந்த இரண்டு மாற்றங்களையும் (முன் பூஜ்ஜியத்தை நீக்குவது, 15 இலக்கத்தோடு வெட்டுவது) அணைத்து வைக்க வழி இருக்கிறது.

கதவு எண் 5/2ன்னு போட்டா பிப்ரவரின்னு காட்டுது. இது என்ன கூத்து?

சாய்கோடு பார்த்தால் எக்செல்லுக்குத் தேதி ஞாபகம்தான் வரும். புல எண் 112/2 தப்பித்துவிடும், ஏனென்றால் 112 தேதியாக முடியாது. 11/3 மாட்டிக்கொள்ளும். ஒரே பட்டியலில் சிலது சரியாகவும் சிலது மாதமாகவும் நிற்பது இதனால்தான். ஒட்டிய பிறகு டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றினால் 5/2 திரும்பாது, ஐந்து இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். எக்செல் 1900-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணி வைத்திருக்கிறது, 2024 ஜனவரி 1 என்பது அதற்கு 45292. எனவே முந்தைய பதிலில் சொன்ன மாதிரி, டெக்ஸ்ட் முதலில், ஒட்டுவது பிறகு.

நமக்கு மட்டும் இந்தக் கூத்து இல்லை. மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்திருந்த மனித மரபணுக்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், மரபணுப் பெயர்களை முடிவுசெய்யும் குழு 2020-இல் பெயர்களையே மாற்றிவிட்டது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் அந்த மாற்றத்தை அணைக்க வசதி கொடுத்தது, மேலே சொன்ன அதே டேட்டா பக்கத்தில்தான். ஆனால் அது எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர்களுக்கு. நம் 5/2-க்கு உதவாது.

தேதி பாதி வலப்பக்கம், பாதி இடப்பக்கம் நிக்குது. இடப்பக்கம் இருக்கிறதை மட்டும் திருத்தினா போதும்ல?

போதாது, இதில் நல்ல பிள்ளை மாதிரி வலப்பக்கம் நிற்பதுதான் ஆபத்து. உங்கள் கணினியின் ரீஜன் அமெரிக்கா என்று இருக்கும். நாள்/மாதம் என்று நாம் எழுதிய 25/04/2024-ஐ மாதம்/நாள் என்று படிக்க முடியாமல் எழுத்தாக விட்டுவிடும். 03/04/2024-ஐ மார்ச் 4 என்று சத்தமில்லாமல் மாற்றிவிடும். நாள் 12-க்குள் இருக்கிற எல்லாத் தேதியிலும் இந்தச் சந்தேகம் உண்டு.

ஒட்டியதை அழித்துவிடுங்கள். நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கி மறுபடி ஒட்டுங்கள், டேட்டா பட்டையில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், மூன்றாவது படியில் டேட் என்பதில் நாள், மாதம், வருடம் வரிசையைத் தேர்ந்தெடுத்து முடியுங்கள். நிரந்தரத் தீர்வு, விண்டோஸில் ரீஜனை இந்தியா என்று மாற்றுவது. தேதிகள் எல்லாம் ஒட்டுமொத்தமாக 4 வருடமும் 1 நாளும் தள்ளி வந்தால் அது வேறு நோய்: ஒரு கோப்பு 1904-இலிருந்து எண்ணுகிறது, பழைய மேக்கில் உருவானதாக இருக்கும்.

நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்தது. இன்னைக்கு பேர் லிஸ்ட் ஒட்டினா இனிஷியல் தனி செல், பேர் தனி செல்லுன்னு பிரிஞ்சு விழுது. வைரஸா?

வைரஸ் இல்லை. இன்று காலையில் டெக்ஸ்ட் டு காலம்ஸில் ஸ்பேஸ் அல்லது கமாவை டிக் செய்து ஏதோ பிரித்திருப்பீர்கள். எக்செல்லை மூடும்வரை அந்த டிக்கை ஞாபகம் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஒட்டுகிற எழுத்தையெல்லாம் பிரித்துப் போடும். எக்செல்லை முழுசாக மூடித் திறங்கள். மூட முடியாத அவசரத்தில் இருந்தால், ஏதாவது எழுத்து உள்ள ஒரு செல்லில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் திறந்து, டாப் தவிர மற்ற டிக்கை எல்லாம் எடுத்துவிட்டு முடித்துவிடுங்கள்.

ஃபில்டர் போட்டு மதுரை கிளையை மட்டும் எடுத்து, அதுக்குப் புது ரேட்டை ஒட்டினேன். ஃபில்டரை எடுத்துப் பார்த்தா ரேட் எல்லாம் ஊர் மாறிக் கிடக்கு.

ஃபில்டர் போட்ட இடத்திலிருந்து காப்பி செய்தால் எக்செல் தெரிகிற வரிசைகளை மட்டும் எடுக்கும். ஆனால் ஃபில்டர் போட்ட இடத்தில் ஒரு பட்டியலை ஒட்டும்போது, மறைந்திருக்கிற வரிசைகளிலும் வரிசையாக இறக்கிக்கொண்டே போகும். எடுக்கும்போது ஒரு நியாயம், வைக்கும்போது ஒரு நியாயம். திரையில் மதுரை 3, 8, 15-ஆவது வரிசையில் இருக்கும், உங்கள் மூன்று ரேட் 3, 4, 5-இல் போய் விழுந்திருக்கும். கையால் மறைத்த வரிசைகளில் எடுப்பதும் தகராறுதான்: மறைந்ததும் சேர்ந்தே வரும். அங்கே முதலில் ஆல்ட்டோடு அரைப்புள்ளி தட்டினால் தெரிவது மட்டும் தேர்வாகும்.

ஃபில்டருக்குள் ஒட்டுவதை நான் விட்டுவிட்டேன். ரேட்டைத் தனி ஷீட்டில் வைத்து வி லுக்கப்பால் இழுத்துக்கொள்வேன். இல்லையென்றால் ஊர் வாரியாக அடுக்கி (இதுதான் சார்ட்), மதுரை எல்லாம் அடுத்தடுத்து வந்தபின் ஃபில்டர் இல்லாமல் ஒட்டலாம். சார்ட் செய்வதற்கு முன்னால் ஒரு நெடுவரிசையில் 1, 2, 3 என்று எண் போட்டு வையுங்கள், பழைய வரிசைக்குத் திரும்ப அதுதான் நம்பகமான வழி. வரிசை மாறி ஒட்டுவது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம்: கனடாவின் டிரான்ஸ்ஆல்டா மின் நிறுவனம் 2003-இல் ஏலத் தொகைகளை ஒட்டும்போது வரிசை பிசகி 2 கோடியே 40 லட்சம் டாலர் இழந்தது.

நெடுவரிசை முழுசா காப்பி பண்ணி ரெண்டாவது வரிசையில ஒட்டினா அளவு ஒத்துவரலைன்னு திட்டுது.

ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள். முழு நெடுவரிசையை எடுத்து இரண்டாவது வரிசையில் ஒட்டினால் கடைசி ஒரு வரிசைக்கு இடம் இல்லை, அதுதான் திட்டு. முதல் வரிசையில் ஒட்டுங்கள், அல்லது தேவையான பகுதியை மட்டும் எடுங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைதான், புதுக் கோப்பின் முழு நெடுவரிசை அங்கே எங்குமே ஒட்டாது. திட்டினால்கூட நல்லது, 2020-இல் இங்கிலாந்தில் இந்தப் பழைய வடிவத்தின் எல்லை தாண்டியதால் 15,841 கொரோனா தொற்றுகள் சத்தமில்லாமல் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போயின.

"மெர்ஜ் செய்த செல்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும்" என்று திட்டினால் மெர்ஜை எடுத்துவிடுங்கள். தலைப்பு நடுவில் வர வேண்டுமானால் ஃபார்மேட் செல்ஸ், அலைன்மென்டில் "சென்டர் அக்ராஸ் செலக்ஷன்" இருக்கிறது. பார்வைக்கு அதே மாதிரி, செல் மட்டும் சேராது. மெர்ஜ் பட்டனைக் கண்டுபிடித்தவர் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு.

தமிழ்ல இருந்த பேரெல்லாம் ஒட்டினதும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையா வருது. எழுத்துரு மாத்தினா சிலது சரியாகுது, சிலது ஆகலை.

மூலக் கோப்பு பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருக்கிறது. அதில் தமிழ் எழுத்து என்று எதுவும் சேமிக்கப்படவில்லை. "தமிழ்" என்று நீங்கள் பார்ப்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்கிற ஐந்து ஆங்கில விசைகள்தான். அதற்கு மேல் பாமினி தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. மதிப்பை மட்டும் ஒட்டினால் முகமூடி கழன்றுவிடும். இரண்டாவது பதிலில் சொன்ன அடுக்குக் கதையேதான். மறுபடி பாமினி வைத்தால் பாமினியில் அடித்தது சரியாகும், வானவில் என்கிற இன்னொரு பழைய எழுத்துருவில் அடித்தது ஆகாது.

எழுத்துரு மாற்றி மாற்றிப் பார்க்காமல், எந்த எழுத்துருவில் அடித்தது என்று கேட்டு, எழுத்துரு மாற்றிக் கருவி ஒன்றில் கொடுத்து யூனிகோடுக்கு (தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொது முறை) கொண்டுவந்துவிடுங்கள். தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றாயிற்று. ஒரு எச்சரிக்கை: அந்தக் கருவிக்கு மூலக் கோப்பின் எண், ஆங்கிலப் பெயர் நெடுவரிசைகளைக் கொடுக்காதீர்கள், ஆங்கிலத்தில் இன்டியன் பேங்க் என்று எழுதியிருப்பதும் தமிழ்க் குப்பையாகிவிடும்.

காப்பிக்கு பதிலா கட் பண்ணி ஒட்டினேன். வேற எங்கியோ #ரெஃப்!னு வந்துடுச்சு.

கட் என்பது வீட்டையே இடம் மாற்றுவது. அந்த செல்லை நம்பியிருந்த ஃபார்முலாக்கள் புது முகவரிக்குப் பின்னாலேயே வந்துவிடும், அது நல்லதுதான். ஆனால் நீங்கள் போய் ஒட்டிய இடத்தில் ஏற்கெனவே இருந்த செல்லை நம்பியிருந்தவர்கள் அனாதையாகி #ரெஃப்! என்று நிற்பார்கள். உடனே கன்ட்ரோல்+இசட். காப்பி செய்து ஒட்டி, பிறகு பழையதை டெலிட் பட்டனால் காலி செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒட்டினதுக்கு அப்புறம் டிராப்டவுன் காணோம், ஃபைல் திறக்கும்போது ஏதோ லிங்க் அப்டேட் பண்ணவான்னு கேக்குது, ஃபைலும் ஆமை மாதிரி போகுது.

மூன்றும் சாதாரண பேஸ்ட்டின் வேலை. டிராப்டவுனும் ஒரு அடுக்கு என்று சொன்னேன். ஒட்டினால் அழிந்துவிடும், எக்செல் தடுக்காது. வேறு கோப்பின் ஃபார்முலாவைக் கொண்டுவந்தால் அந்தக் கோப்பின் பெயரும் கூடவே வரும், லிங்க் கேள்வி அதனால். டேட்டா பட்டையில் எடிட் லிங்க்ஸ் (புது எக்செல்லில் ஒர்க்புக் லிங்க்ஸ்) போய் பிரேக் லிங்க் கொடுத்தால் மதிப்பாக மாறிவிடும். நிறம் மாற்றும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் விதிகள் ஒவ்வொரு ஒட்டலுக்கும் துண்டு துண்டாகப் பெருகும், மேனேஜ் ரூல்ஸில் ஒரே விதி நூறு முறை நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே விதியாகப் போடுங்கள்.

தப்பா ஒட்டினது ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. சேவ் பண்ணி மூடியாச்சு. இனி என்ன பண்ண?

கோப்பு ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியில் முந்தாநாள் பிரதி இருக்கும். அதை அப்படியே மீட்டெடுக்க வேண்டாம், இரண்டு நாள் வேலையும் போய்விடும். பழைய பிரதியைத் தனியாகத் திறந்து, கெட்டுப்போன நெடுவரிசையை மட்டும் மதிப்பாக எடுத்து வாருங்கள். எடுக்கும்போது தேர்ந்தெடுத்த நிலையில் கீழே ஓரத்தில் கவுண்ட், சம் இரண்டும் தெரியும், ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு அதே இரண்டும் வருகிறதா பாருங்கள். கவுண்ட் சரியாக வந்து சம் மட்டும் உதைத்தால், எண் எழுத்தாகிப் போன அந்த பேங்க் கேள்வியின் பதிலுக்குப் போங்கள்.

கோப்பு கணினியில் மட்டும்தான் இருக்கிறது, பிரதி கிடையாது என்றால், அதைக் கடைசியாக யாருக்கு மெயிலில் அனுப்பினீர்கள் என்று யோசியுங்கள். அனுப்பியவை பெட்டியில் அந்தப் பழைய கோப்பு அப்படியே கிடக்கும்.